துலாக்கோல் சாயுமுன்

 

மயிலாப்பூர் என்றதும் பிறருக்குக் கபாலீசுவரர் கோயிலும் மாடவீதிகளும் நினைவுக்கு வரும். தமிழ்ச் சமணராகிய நமக்கு அது நேமிநாதப் பெருமானின் ஊர். கடலோரத்தில் அப்பெருமானுக்கு ஆலயம் ஒன்று இருந்ததென்றும், கடல் உட்புகத் தொடங்கியபோது திருவுருவம் மேல்சித்தாமூருக்கு எடுத்துச் செல்லப்பட்டதென்றும் நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லி வந்துள்ளனர். குணவீர பண்டிதர் தம் இலக்கண நூலுக்கு 'நேமிநாதம்' எனப் பெயர் சூட்டியதும், 'திருநூற்றந்தாதி' பாடப்பெற்றதும் இம்மயிலைநாதர்மீது கொண்ட பக்தியினாலேயே ஆகும்.

இன்று வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சிப் பகுதிகளிலிருந்து நம் பிள்ளைகள் கல்விக்காகவும் பணிக்காகவும் சென்னைக்கு வந்து வாழ்கின்றனர். மயிலாப்பூரில் வாடகை வீடு, தியாகராய நகரில் விடுதி அறை, அடையாற்றுக்கு அப்பால் கணினி நிறுவனத்தில் வேலை என்று அவர்கள் வாழ்வு அமைந்துவிட்டது. ஊரில் பாட்டியும் பாட்டனும் கண்ணெதிரே இருந்த காலத்தில் எழாத ஒரு கேள்வி இங்கே அவர்கள் முன் வந்து நிற்கிறது. அலுவலக விருந்திலோ, நண்பரின் பிறந்தநாளிலோ, தேர்வு முடிந்த இரவிலோ ஒருவர் கிண்ணத்தை நீட்டி, 'ஒரு முறைதானே, சிறிதளவுதானே' என்கிறார். அந்த நொடியில் நம் பிள்ளை என்ன விடை சொல்வான்? நம் பெண் என்ன விடை சொல்வாள்?

'நம் குலத்தில் வழக்கமில்லை' என்று சொல்லி நிறுத்திவிட்டால் போதாது. வழக்கம் என்பது ஊரோடு நின்றுவிடக்கூடியது. தெளிவு ஒன்றே உடன் வருவது. ஏன் விலக்கு என்பதைத் தானே எடைபோட்டுப் பார்க்கக் கற்காத பிள்ளை, மூன்றாவது வற்புறுத்தலில் தளர்ந்துவிடக்கூடும். ஆகவே இக்கட்டுரையில் அந்த எடைபோடுதலைப் பற்றியே சிந்திப்போம். நேமிநாதரின் ஊருக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு நேமிநாதர் காலத்து நிகழ்ச்சி ஒன்றே முதற்பாடமாக அமைகிறது.

துவாரகை எரிந்த கதை

ஜினசேன ஆசாரியர் கி.பி. 783ஆம் ஆண்டில் நிறைவு செய்த அரிவம்ச புராணத்தில் இவ்வரலாறு விரிவாகக் கூறப்பட்டுள்ளது. பெருமானின் சமவசரணத்தில் பலபத்திரர் எழுந்து, 'பொன்னும் மணியும் நிறைந்த இத்துவாரகை எத்துணைக் காலம் நிலைக்கும்?' என்று வினவினார். பன்னிரண்டாம் ஆண்டில், மதுவை வாயிலாகக் கொண்டு, துவைபாயனர் என்னும் தவசியின் சினத்தால் நகரம் எரியும் எனப் பெருமான் விடையருளினார்.

இச்சொல்லைக் கேட்டோர் நடந்துகொண்ட முறை மூவகைப்பட்டது. பிரத்யும்னன் முதலிய சிலர் நிலையாமையை உணர்ந்து அப்பொழுதே துறவு பூண்டனர். துவைபாயனர், தம்மால் நகருக்குத் தீங்கு நேரலாகாது என்று கருதித் தொலைநாடு சென்று தவம் மேற்கொண்டார். கண்ணனோ, நகரில் உள்ள மதுவனைத்தையும் அகற்றுமாறு பறையறைவித்தான். மக்களும் ஆணையை ஏற்றுக் குடங்களை எடுத்துச் சென்று, நகருக்கு வெளியே கதம்ப வனத்துக் கற்குழிகளில் கொட்டிவிட்டுத் திரும்பினர். அபாயம் நீங்கிவிட்டது என்று அனைவரும் அமைதி கொண்டனர்.

ஆண்டுகள் சென்றன. துவைபாயனர் மிகுமாதங்களைக் கணக்கில் கொள்ளாமல் பன்னிரண்டு ஆண்டுகளும் கழிந்தன என்று பிழைபட எண்ணி, துவாரகைக்கு அருகே வந்து தவத்தில் நின்றார். அந்நாளில் சாம்பன் முதலிய யாதவ இளவரசர்கள் வனத்தில் விளையாடிக் களைத்து, நீர்வேட்கை மிகுந்து, கற்குழிகளில் தேங்கிக் கிடந்ததை நீரென்று எண்ணிப் பருகினர். அது பழைய மது. மயக்கம் தலைக்கேறிய நிலையில் வழியில் நின்ற தவசியைக் கண்டனர். கல்லால் அடித்து வீழ்த்தினர். செய்தியறிந்து கண்ணனும் பலபத்திரரும் ஓடிவந்து அவர் காலடியில் மன்னிப்புக் கேட்டனர். ஆயினும் மூண்ட சினம் தணியவில்லை. துவாரகை எரிந்தது. அவ்விருவர் மட்டுமே வெளியேற முடிந்தது.

இக்கதையில் கொடியவர் என்று எவரைச் சொல்வது? மது குடித்துக் களிக்க வேண்டும் என்று அவ்விளைஞர்கள் வனத்திற்குச் செல்லவில்லை. தவசியை அடிக்க வேண்டும் என்று எண்ணியும் செல்லவில்லை. தாகம் எடுத்தது, கைக்கு எட்டியதைப் பருகினர். தெளிந்த மனத்தோடு இருந்திருந்தால் அதே தவசியின் முன் வணங்கி நின்றிருப்பர். தீங்கு செய்தது அவர்களுடைய பகையன்று. அவர்களுடைய தெளிவு தம்மிடத்தில் இல்லாமற் போனதே ஆகும்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மதுவை நகரிலிருந்து அகற்றினார்களே தவிர, எட்டும் தொலைவிலேயே விட்டுவைத்தனர். நாள் எண்ணியவர் கணக்கிலும் பிழை நேர்ந்தது. அபாயத்தைப் பாதியளவு விலக்கி வைப்பதும், 'காலம் கடந்துவிட்டது, இனி அச்சமில்லை' என்று எண்ணுவதும் எத்தகைய முடிவைத் தரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. முன்னரே எடைபோட்டுத் துறந்தவர்கள் மட்டுமே அந்நெருப்புக்கு வெளியே நின்றனர்.

ஆசாரியர் காட்டிய காரணம்

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில் இல்லறத்தாரின் மூலகுணங்கள் எட்டு என வகுத்து, ஐந்து அணுவிரதங்களோடு கள், ஊன், தேன் ஆகிய மூன்றையும் விலக்குதலைச் சேர்த்துரைத்தார். நம் அருங்கலச்செப்பு அவ்வழியில் வந்த தமிழ் நூலே. இம்மூன்றையும் ஓரினமாக அவர் சொல்லினும், வேறோரிடத்தில் காரணத்தைப் பிரித்துக் காட்டுகிறார். ஊனையும் தேனையும் விலக்குவது இயங்கும் உயிர்களின் கொலையைத் தவிர்ப்பதற்கு. மதுவை விலக்குவது பிரமாதத்தைத் தவிர்ப்பதற்கு என்பது அவர் கருத்து.

பிரமாதம் என்பது விழிப்பின்மை. இன்று நாம் 'மிகச் சிறப்பு' என்னும் பொருளில் அச்சொல்லை வழங்குகிறோம். ஆகம வழக்கில் அது பெருங்குற்றத்தின் பெயர். மதம், மத்தியம், பிரமாதம் ஆகிய மூன்றும் வடமொழியில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் கொலைக்கு இலக்கணம் கூறுமிடத்து, விழிப்பற்ற செயலால் உயிருக்கு ஊறு நேர்வதையே இம்சை என்கிறார். அமிர்தசந்திர ஆசாரியரும் மது மனத்தை மயக்கும், மயங்கியவன் அறத்தை மறப்பான், அறத்தை மறந்தவன் தயக்கமின்றி உயிர்க்கொலையில் இறங்குவான் என்று படிப்படியாக விளக்கியுள்ளார். புளித்த மதுவில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றுகின்றன என்பதையும் அவர் சுட்டத் தவறவில்லை.

ஆசாரியர்கள் காட்டிய இக்காரணத்தில் நம் சிந்தனைக்குரிய பெரிய உண்மை அடங்கியுள்ளது. பொன்னை எடைபோட விரும்புபவன் துலாக்கோலைக் கையில் வைத்திருக்க வேண்டும். மதுவோ முதலில் அத்துலாக்கோலையே பறித்துக்கொள்கிறது. முதற் கிண்ணத்திற்குப் பின், இரண்டாம் கிண்ணம் வேண்டுமா என்று தீர்மானிப்பவன் முன்பிருந்த அதே மனிதன் அல்லன். மூளையின் முன்பகுதி, பின்விளைவை எண்ணிப் பார்த்து 'நில்' என்று சொல்லும் பகுதி, சிறிய அளவிலேயே தளர்ந்துவிடுகிறது என்று மருத்துவ நூலோரும் கூறுகின்றனர். எனவே எடைபோடும் நேரம் விருந்து மண்டபம் அன்று. விருந்துக்குப் புறப்படுமுன், தனிமையில், தெளிந்த நாளொன்றில் செய்யவேண்டிய பணி அது.

'எல்லோரும்' என்னும் சொல்

நீட்டப்படும் கிண்ணத்தோடு வரும் முதல் வாதம், 'இக்காலத்தில் எல்லோரும் அருந்துகிறார்கள்' என்பது. இதனை முதலில் தட்டில் வைப்போம். நடுவண் அரசின் பொருட்டு அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள இந்தியரில் மது அருந்துவோர் 14.6 விழுக்காட்டினர். ஏறத்தாழ 16 கோடிப் பேர் என்பது மிகப் பெருந்தொகையே. ஆனால் நூற்றுக்கு 85 பேர் அருந்தாதவர் என்பதும் அதே கணக்கிலிருந்து தெரிகிறது. மறுப்பவன் தனியன் அல்லன். இந்நாட்டின் பெரும்பான்மையோடு நிற்கிறான்.

'அரசே விற்கிறதே' என்பது அடுத்த வாதம். சேலம் மாவட்டத்தில் 1937இல் இராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கு, பின்னர் மாநிலம் முழுவதும் பரவி, 1971இல் விலக்கப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 1983இல் தோன்றிய டாஸ்மாக் நிறுவனம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே நடத்தி வருகிறது. சட்டம் காலந்தோறும் மாறும் என்பதற்கு இது சான்று. உடல் மாறுவதில்லை. சட்டம் அனுமதித்ததனால் கல்லீரல் விலக்கு அளித்துவிடாது.

'சிறிதளவு நல்லதாமே' என்று கூறுவோரும் உளர். உலக சுகாதார நிறுவனம் 2023 சனவரியில், உடல்நலத்திற்குத் தீங்கற்றது என்று சொல்லத்தக்க மதுவின் அளவு எதுவுமில்லை என்று அறிவித்துவிட்டது. மதுவைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது 1988ஆம் ஆண்டிலேயே. வாய், தொண்டை, உணவுக்குழல், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவை அதனால் பாதிக்கப்படும் இடங்கள். புகையிலையும் சேர்ந்தால் வாய், தொண்டைப் புற்றின் அபாயம் பன்மடங்காகிறது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தொடங்கப்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை நம் பிள்ளைகள் நாள்தோறும் கடந்து செல்லும் வழியிலேயே உள்ளது.

தன் துலாக்கோலில் தன் எடை

அநேகாந்தம் நம் சமயத்தின் தனிப்பெருஞ் செல்வம். ஒரு பொருளை ஒரு பக்கம் மட்டும் நோக்கி முடிவு செய்யாதே என்பது அதன் சாரம். 'என் நண்பன் அருந்துகிறான், நன்றாகத்தானே இருக்கிறான்' என்பது ஒரு பக்கப் பார்வை. நண்பனுக்கு நேர்வதும் உனக்கு நேர்வதும் ஒன்றல்ல. ஒவ்வொருவரும் தம் நிலையை ஆறு பக்கங்களில் நோக்க வேண்டும்.

முதலாவது, குருதி வழி. மதுவுக்கு அடிமையாகும் இயல்பில் ஏறத்தாழப் பாதி பரம்பரையாக வருவது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. தந்தை, மாமன், பெரியப்பா எவரேனும் இதனால் வீழ்ந்தவராயின், அப்பிள்ளைக்கு முதற் கிண்ணமே பிறரினும் கனமானது. பல குடும்பங்களில் இச்செய்தி மூடி மறைக்கப்படுகிறது. மானத்தைக் காக்க வேண்டி மறைத்தது, பிள்ளையின் காப்பைக் கெடுத்துவிடுகிறது. வயது வந்த மக்களிடம் பெற்றோர் இதனை அமைதியாகச் சொல்லிவிடுதல் கடமையாகும்.

இரண்டாவது, வயது. மூளை முழு வளர்ச்சி எய்துவது இருபத்தைந்து வயதை ஒட்டியே. இளம்பருவத்தில் தொடங்கியவர் பின்னாளில் அடிமையாகும் வாய்ப்பு, காலம் தாழ்ந்து தொடங்கியவரைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம்.

மூன்றாவது, உடலும் மருந்தும். நீரிழிவுக்கு இன்சுலினோ சில மாத்திரைகளோ கொள்பவர் மது அருந்தினால் குருதியில் சர்க்கரை ஆபத்தான அளவு தாழக்கூடும். அப்போது தோன்றும் தள்ளாட்டத்தைக் குடிமயக்கம் என்று பிறர் எண்ணி வாளாவிருந்துவிடுவர். உறக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு அடங்கும். வலிப்புநோய், மனச்சோர்வு, கல்லீரல் குறைபாடு உள்ளோர்க்கு அபாயம் மிகுதி. பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவாதலால் அதே அளவு மது கூடுதல் செறிவோடு தங்குகிறது; கருவுற்ற காலத்தில் சிறிதளவும் கருவிலுள்ள உயிருக்குத் தீங்கு.

நான்காவது, மனத்தின் காரணம். துயரை மறக்கவா, நாணத்தைப் போக்கவா, தூக்கம் வரவா, கூட்டத்தில் ஒருவனாகவா? தனிமையும் துயரும் தூண்ட அருந்துபவன் விரைவில் சிக்குகிறான். ஏனெனில் துயர் மறுநாளும் வருகிறது. மருந்தென்று கொண்டதும் மறுநாளும் தேவையாகிறது.

ஐந்தாவது, இடமும் வழியும். பழைய மாமல்லபுரச் சாலையிலிருந்து நள்ளிரவில் இருசக்கர வண்டியில் திரும்பும் இளைஞன், குடித்தபின் காப்பி பருகினால் தெளிந்துவிடலாம் என்று எண்ணுகிறான். காப்பியும் குளியலும் குருதியிலுள்ள மதுவைக் குறைப்பதில்லை. கல்லீரல் தன் வேகத்தில் மணிக்கணக்கில் அகற்றினால்தான் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லிலிட்டர் குருதியில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்கிறது. முதல் முறைக்கே 10,000 ரூபாய் தண்டம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அவை சிறியவை. எதிரே வந்தவனின் உயிர்க்கு எந்த நீதிமன்றத்தில் தண்டம் செலுத்துவது?

ஆறாவது, இழப்பைச் செலுத்துபவர் யார் என்பது. பிற வணிகத்தில் பொருளை வாங்குபவனே விலை கொடுக்கிறான். இதிலோ வாங்குபவன் ஒருவன், விலை கொடுப்போர் வேறு சிலர். இரவெல்லாம் வாயிலில் விழித்திருக்கும் தாய், பள்ளியில் தலைகுனிந்து நிற்கும் குழந்தை, அடகுக்கடைக்குப் போகும் மனைவியின் வளையல் ஆகியவற்றைத் தட்டின் மறுபுறம் வைக்காமல் போட்ட எடை பொய் எடையே ஆகும்.

திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரம் பொருட்பாலில் வைக்கப்பட்டிருப்பதும் எண்ணத்தக்கது. புலால் மறுத்தல் அறத்துப்பாலில் உள்ளது. கள்ளுண்ணாமையோ வரைவின் மகளிர், சூது ஆகிய அதிகாரங்களுக்கு இடையே, ஆக்கமும் கேடும் எண்ணிப் பார்க்கும் பகுதியில் நிற்கிறது. அறம் என்று சொன்னால் கேளாதவனும் நட்டக் கணக்கு என்று சொன்னால் கேட்பான் என்பது அவ்வைப்பு முறையின் குறிப்பாகலாம்.

அறியாத பொருளின் அபாயம்

எடைபோடுவதற்குத் தட்டில் உள்ளது இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டுப் பகுதியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2024 சூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இவை நமக்குத் தொலைவான இடங்கள் அல்ல. மேல்சித்தாமூர் மடத்தைச் சூழ்ந்த நம் ஊர்களை அடுத்த மண்ணே ஆகும். மெத்தனால் உடலில் சிதைந்து எறும்பு நஞ்சாகிய பார்மிக் அமிலமாக மாறுகிறது, கண்ணின் நரம்பை அழிக்கிறது, உயிரையும் கொள்கிறது. நிறத்தாலோ மணத்தாலோ அதனைப் பிரித்தறிய இயலாது.

கஞ்சா, மாத்திரை, பொடி என்று இளைஞரிடையே கைமாறும் பொருள்களுக்கும் இது பொருந்தும். வலி போக்கும் மாத்திரையைப் போதைக்காகக் கரைத்து ஏற்றிக்கொள்வோர் அதன் அளவையும் அறியார், ஊசியின் தூய்மையையும் அறியார். குடும்பத்தில் மனநோய் உற்றவர் உள்ள இளைஞனுக்குக் கஞ்சா அந்நோயைத் தூண்டிவிடக்கூடும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் பிறர்க்காக வைத்திருந்தேன் என்றாலும் விடுவதில்லை. வெளிநாட்டுப் பணிக்குக் கடவுச்சீட்டு எடுக்க நினைத்திருந்த பிள்ளை, நண்பனின் பொட்டலத்தை ஓர் இரவு தன் பையில் வைத்ததனால் வாழ்நாள் முழுதும் வழக்கைச் சுமக்க நேரும்.

தாமே அருந்தாது பிறர்க்கு வாங்கித் தருவோரும் உளர். செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூன்று வழியாலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. ஊறு விளைக்கும் பொருளைப் பிறர் கையில் கொடுப்பது இம்சாதானம் எனப்படும் அனர்த்ததண்டம். திருமண வீட்டார் சிலர் விருந்தினர் பொருட்டுத் தனியறை அமைத்துத் தருவது இவ்வகையைச் சாரும்.

இராஜ்கோட்டில் எடுத்த நோன்பு

முன்னரே எடைபோட்டதன் பயனுக்கு அண்மைக் காலச் சான்று ஒன்று உண்டு. 1888இல் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சட்டம் பயில இங்கிலாந்து செல்ல விரும்பினார். தாய் புத்லிபாய் அஞ்சினார். அப்போது குடும்பத்திற்கு வேண்டியவரும் சமண முனிவருமாகிய பேசர்ஜி சுவாமி, மது, மங்கை, ஊன் ஆகிய மூன்றையும் தீண்டுவதில்லை என்று அவ்விளைஞரை நோன்பு ஏற்கச் செய்தார். அதன்பின் தாய் விடை கொடுத்தார். மோகன்தாஸ் காந்தி என்னும் அவ்விளைஞர் இதனைத் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார்.

இலண்டனில் நண்பர் ஒருவர் ஊன் உண்ணுமாறு அவரைப் பலநாள் வற்புறுத்தினார். பெந்தாம் என்னும் அறிஞரின் பயன்கொள்கை நூலைப் படித்தும் காட்டினார். காந்தியடிகள் வாதாடவில்லை. தம்மால் வாதிட்டு வெல்ல இயலாது, ஆயினும் நோன்பு நோன்பே என்று கூறிவிட்டார். இங்கே நோன்பின் இயல்பு விளங்குகிறது. நோன்பு என்பது சிந்தனையை நிறுத்துவதன்று. தெளிந்த நாளில் சிந்தித்துக் கண்ட முடிவை, கலங்கிய நாளுக்காகச் சேமித்து வைப்பதே நோன்பு. வாதத் திறன் குறைந்த இளைஞனையும் அது காக்கும். கிண்ணம் நீட்டுவோரிடம் நூறு காரணம் சொல்ல வேண்டுவதில்லை. 'நான் அருந்துவதில்லை' என்னும் இரண்டு சொல் போதும்.

வழுவியவரை நிறுத்துதல்

இதுவரை கூறியது இன்னும் தொடாதவர்க்கு. நம் குடும்பங்களில் ஏற்கெனவே சிக்கியோர் இல்லையென்று சொல்லிவிட முடியுமா? அவர்களை என் செய்வது?

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் உபகூகனம், ஸ்திதிகரணம் என இரண்டு உள்ளன. பிறர் குற்றத்தை ஊரறியத் தூற்றாதிருத்தல் முன்னது. வழுவியவரை மீண்டும் அறநெறியில் நிறுத்துதல் பின்னது. தளர்ந்த தம் தோழர் புஷ்பதாலரைத் திரும்பவும் தவநெறியில் நிலைபெறச் செய்த வாரிஷேண முனிவர் இரண்டாவதற்கு எடுத்துக்காட்டு. தூற்றாமை என்பது கண்டுகொள்ளாமை ஆகாது. இரண்டையும் சேர்த்தே கடைப்பிடிக்க வேண்டும்.

மருத்துவர்கள் நான்கு எளிய கேள்விகளைக் கேட்பதுண்டு. குறைக்க வேண்டும் என்று நீயே எண்ணியதுண்டா? பிறர் கண்டித்தபோது எரிச்சல் கொண்டதுண்டா? குடித்ததற்காகக் குற்றவுணர்வு அடைந்ததுண்டா? காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நிலைகொள்ளும் என்றிருந்ததுண்டா? இவற்றுள் இரண்டிற்கு 'ஆம்' என்பவர் மருத்துவரை நாட வேண்டும். நாள்தோறும் நாம் செய்யும் பிரதிக்கிரமணத்தில் இந்நான்கையும் ஒருவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. பல்லாண்டு நாள்தோறும் மிகுதியாக அருந்தியவரை, 'இன்றோடு விடு' என்று அறையில் அடைத்து வைத்தல் ஆபத்து. திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சித்தப் பிரமையும் தோன்றி உயிருக்கே கேடு நேரலாம். விடுவிக்கும் பணி மருத்துவர் கண்காணிப்பில் தொடங்கட்டும். நோன்பு அதனைத் தொடரட்டும்.

இதற்கு வழிகாட்டும் வாழ்வு ஒன்று அடையாற்றிலேயே உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், அத்துயரில் ஒடுங்கிவிடாமல், அவர் பெயராலேயே 1980இல் டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையை நிறுவினார். இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அதனால் நடத்தப்படுவது. குடித்தவரோடு குடும்பத்தாருக்கும் அங்கே ஆற்றுப்படுத்தல் உண்டு. நோய் ஒருவருடையது ஆயினும் புண் வீடு முழுவதற்கும் என்பதை அறிந்த முறை அது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. தனக்கு நேர்ந்த இழப்பைப் பிறர்க்குக் காப்பாக மாற்றிய அச்செயலை ஸ்திதிகரணம் என்றே நாம் போற்றலாம். 14446 என்னும் கட்டணமற்ற தேசியத் தொலைபேசி எண்ணிலும் அறிவுரை பெறலாம்.

இன்று தொடங்கத்தக்கது

சமந்தபத்திரர் விரதத்தை இயமம், நியமம் என இரண்டாகப் பகுத்தார். வாழ்நாள் முழுதும் கொள்வது இயமம். கால எல்லை வகுத்துக் கொள்வது நியமம். மதுவை வாழ்நாள் முழுதும் விலக்குதல் சிராவகனுக்கு உரிய மூலகுணம். ஆயினும் வழுவி எழுவோர், 'வாழ்நாள் முழுதும் என்னால் ஆகுமா' என்று மலைத்து நிற்க வேண்டுவதில்லை. ஒரு நாள், ஒரு திங்கள், அடுத்த தசலட்சணம் வரை என்று எல்லை வகுத்துத் தொடங்கட்டும். நியமம் பழகப் பழக இயமமாக முதிரும்.

பெற்றோரே! பிள்ளை சென்னைக்குப் புறப்படும் நாளில் பெட்டியில் வைக்கும் பொருள்களோடு இந்த உரையாடலையும் வைத்து அனுப்புங்கள். அச்சுறுத்தாமல், மேற்கூறிய ஆறு பக்கங்களையும் அவன் முன் விரித்து, அவனே எடைபோடட்டும் என்று விடுங்கள். தவறி நடந்தாலும் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதையும் சொல்லுங்கள். நள்ளிரவில், 'வண்டி ஓட்டும் நிலையில் இல்லை' என்று அவன் தொலைபேசியில் சொல்வானாயின், கண்டிப்பை மறுநாளைக்கு வைத்துவிட்டு அழைத்து வாருங்கள். உயிர் இருந்தாலன்றோ அறம்!

இளைஞரே! பிறர் நீட்டும் கிண்ணத்தில் உங்கள் துலாக்கோலைக் கழற்றிப் போட்டுவிடாதீர். கதம்ப வனத்துக் கற்குழிகள் இந்நகரில் எத்தனையோ உள்ளன. நீரைப் போன்றே தோன்றுகின்றன. தாகம் வருமுன் தெளிந்து கொள்வீர். நற்காட்சி, நல்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளுள் எதனையும் மயங்கிய மனம் தாங்காது.

மயிலைநாதரின் மலரடி வாழ்க! உயிர்கள் யாவும் இன்புறுக! ஜினசாசனம் வெல்க!